சுடுபுனமும் கரும்புச் சோகையும்

கேள்வி: மலைவாழ் மக்கள் காட்டை வெட்டிக் கொளுத்தி விதைக்கும் முறையைச் சென்ற இதழில் பாரம்பரிய வேளாண்மை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு ஆண்டு விளைவித்துவிட்டு, மண் செத்ததும் அடுத்த காட்டை அழிக்கப் போவதற்கு வேளாண்மை என்று பெயரா? இதற்குப் பரிந்து பேசலாமா?
— ஒரு கரும்பு விவசாயி, நெல்லிக்குப்பம்

பதில்: மண் சாவதுமில்லை, அவர்கள் ஒரேயடியாகப் போய்விடுவதுமில்லை. பெரும்பாலான இடங்களில் ஊர் ஓரிடத்தில் நிற்க, அதற்குரிய மலைச்சரிவுகள் முறைவைத்து விளைநிலமாகவும் மீண்டும் காடாகவும் மாறிவருகின்றன. வடகிழக்கில் ஜூம் என்றும், ஒடிசா, ஆந்திர மலைகளில் போடு என்றும், கன்னட நாட்டில் குமரி என்றும், மலபாரில் புனம் என்றும், இலங்கையில் சேனை என்றும் சொல்லப்படுவது இதுவே. தமிழுக்கும் இது அந்நியமன்று. தினைப்புனத்தில் கிளியோட்டிய கொடிச்சியைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாம், குறுந்தொகையில் கபிலர் அந்தப் புனத்தைச் ‘சுடுபுனம்’ என்று சொல்லியிருப்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். புதுக்கொல்லைக்கு ‘இதை’, பழங்கொல்லைக்கு ‘முதை’ என்று தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழி இது.

நீங்கள் விவசாயி என்பதால் உரக்கணக்கிலேயே சொல்கிறேன். மரத்தை வேரோடு பிடுங்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டி, காயவைத்து, மழைக்கு முன் கொளுத்தும்போது தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் மண்ணில் தங்கி, மலைமண்ணின் புளிப்பைக் குறைக்கின்றன. ஏர் ஓட்டாமல் குழியிட்டு விதைப்பதால் பழைய வேர்கள் சரிவு மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க, தினையும் சாமையும் துவரையும் பூசணியும் ஒரே கொல்லையில் அடுத்தடுத்து விளைகின்றன. இரண்டு மூன்று ஆண்டில் சத்துக் குறைந்து களை மேலோங்கியதும் நிலத்தை விட்டுவிடுகிறார்கள். அதன்பின் அடிக்கட்டை துளிர்த்துக் காடாகும் காலத்தை நம் வருவாய்க் கணக்கு ‘தரிசு’ என்று எழுதிவிடும். உண்மையில் இழந்த தழைச்சத்தைத் திரும்பச் சேர்க்கும் அந்த ஆண்டுகள்தான் இந்த வேளாண்மையின் பெரும்பகுதி. நாகாலாந்தின் கொனோமா கிராமத்தில் ஆல்டர் மரத்தைத் தலைவெட்டி வளர்க்கிறார்கள். அதன் வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்ப்பதால் ஓய்வுக் காலத்தைக் குறைக்க முடிகிறது.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மேகாலயாவில் ஜூம் நிலங்களை ஆராய்ந்த சூழலியல் அறிஞர் பி.எஸ். ராமகிருஷ்ணன், ஒருமுறை வெட்டிய இடத்தை மறுபடி வெட்டும் சுழற்சி பத்து ஆண்டாவது இருந்தால்தான் நிலம் தாங்கும் என்று காட்டினார். அது பல இடங்களில் நான்கைந்து ஆண்டாகச் சுருங்கிவிட்டது. அங்கே மண் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் சுருக்கியது யார்? மக்கள்தொகை ஒரு காரணம். காட்டுக்குப் போட்ட வேலி மற்றொன்று. ரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தேவைப்பட்ட காலத்தில், 1860-இல், சென்னை மாகாண அரசு தன் காடுகளில் அனுமதியின்றிக் குமரி செய்வதைத் தடுத்தது. 1882-இல் மாகாண வனச்சட்டம் வந்தது. மரத்தை மொத்தமாக வெட்டியவர்கள், தினை விதைத்தவனைக் காடழிப்பவன் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கேட்டைத்தான் நாமும் இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறோம். இப்படிப்பட்ட நிலங்களைக் காடு என்ற கணக்கில் வைக்காமல், மரமும் பயிரும் சேர்ந்த வேளாண் நிலமாக ஏற்கவேண்டும் என்று நிதி ஆயோக் குழு பரிந்துரைத்ததே 2018-இல்தான்.

நிலைத்த வேளாண்மை வந்தால் மலை பிழைத்துவிடும் என்று எண்ணுகிறீர்களா? கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டில் அடங்கியிருந்த கல்வராயன் மலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சாமை விளைந்த சரிவுகளில் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி நிற்கிறது. ஆண்டுதோறும் கிழங்கு பிடுங்க மண்ணைக் கிளறவேண்டும். கிளறிய மண் மழையில் கோமுகியிலும் மணிமுக்தாவிலும் இறங்கி, வெள்ளாற்று வழியே நம் மாவட்டத்துக்குத்தான் வருகிறது. தீ வைக்காத, சட்டப்படியான, நிலைத்த வேளாண்மை அது.

கொளுத்துவதையும் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் வட்டாரத்தில் வெட்டு முடிந்ததும் கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த இலையை, வயலிலேயே கொளுத்துவது புதிதன்று. பண்ருட்டிச் சாலையில் மாலையில் வருவோருக்கு அந்தப் புகை பழக்கமானதுதான். பாருக்குப் பார் மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும் சோகை அது. மலையில் தீயிட்டவன் பயிரெடுத்தபின் அந்த நிலத்துக்குப் பல ஆண்டு ஓய்வு கொடுத்தான். நீங்கள் தீயிட்ட வயலில் சாம்பல் ஆறுவதற்குள் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்.