கேள்வி பதில்: கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு குரல்

மதுரைக்கும் ராமேஸ்வரத்திற்கும் இடையே ஓடும் பயணிகள் ரயில்களில், கடைசிப் பெட்டியில் இருந்து வண்டியைக் கவனிக்கும் கார்டாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது உச்சிப்புளியில் வசிக்கிறேன். 2022 ஜனவரி முதல் அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். என் வாயில் கார்டு என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் நாங்கள் பேசும் வயர்லெஸ் பற்றியும், வண்டியோடு ஓடும் ஊழியர்களின் வாழ்க்கை பற்றியும் நம் கரையோரத்து அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு விசைப்படகுக்காரர்: எங்கள் படகில் விஎச்எஃப் என்னும் வயர்லெஸ் செட் இருக்கிறது. கார்டு கையில் இருப்பதும் விஎச்எஃப் தான் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா, ஐயா?

இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வீடு வேறு. கடலில் ஆபத்துக் காலத்தில் நீங்கள் அழைக்கும் 16 ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ரயில்வேக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் வேறு. திறன் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: எஞ்சினை ஓட்டும் லோகோ பைலட்டும் கார்டும் வைத்திருக்கும் கைச்செட் 5 வாட், ஸ்டேஷன் மாஸ்டர் மேசையில் இருப்பது 25 வாட்.

எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை வாட்டைவிட ஆன்டெனாவின் உயரமே தீர்மானிக்கிறது என்பது படகோட்டியான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூமி வளைந்திருப்பதால், ஆள் உயரத்தில் பிடித்த கைச்செட்டுக்குத் தொடுவானம் கணக்குப்படி 5 கிலோமீட்டர்தான். எதிரே இருப்பவரும் அதே உயரத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து 10 கிலோமீட்டர். ஆனால் இரும்புப் பெட்டியும் பனங்காடும் கருவேலங்காடும் குறுக்கே நின்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஸ்டேஷன் ஆன்டெனா 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் தொடுவானம் மட்டும் 18 கிலோமீட்டர் போகும். அந்த உயரம் இரு பக்கப் பேச்சுக்கும் உதவும். ஆனால் ஸ்டேஷன் செட் 25 வாட், எங்களுடையது 5 வாட் என்பதால், நடுக்காட்டில் வண்டி நிற்கும்போது சில வேளை ஸ்டேஷன் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது ஸ்டேஷனுக்குக் கேட்காது. அந்த வேளையில் கார்டு கதவருகே வந்து, உடலை வெளியே நீட்டாமல், செட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பேசுவார்.

மண்டபத்திலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மா: கூடையோடு காலை வண்டியில் ஏறினால், ஆளில்லாத ஸ்டேஷனில் கால் மணி நேரம் போட்டுவிடுகிறார்கள். ஐஸ் கரைகிறது. கார்டிடம் செட் இருக்கிறதே, அவர் பேசி வண்டியை எடுக்கச் சொல்லக் கூடாதா?

உங்கள் வருத்தம் நியாயமானது, அம்மா. ஆனால் நம் தடம் ஒற்றைத் தடம். எதிரே வரும் வண்டி இந்த ஸ்டேஷனுக்குள் முழுவதுமாக வந்து சேர்ந்து, கடைசிப் பெட்டியில் உள்ள அடையாளத்தைப் பார்த்து வண்டி முழுசாக வந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் உறுதி செய்து, அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர், அதாவது தடம் காலி, வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி, வாங்கிய பிறகுதான் உங்கள் வண்டிக்குச் சிக்னல் விழும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் இருவரும், கேட் கீப்பரும் கூட, ஒவ்வொரு முறையும் பிரைவேட் நம்பர் என்னும் எண்ணைச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நான் சொன்னேன், நீ கேட்கவில்லை என்ற வழக்குக்கு இடமில்லாதபடி அந்த எண்ணே சாட்சி. சிவப்பு விளக்கை வாக்கி-டாக்கி பச்சையாக்க முடியாது. சிக்னல் பழுதானால்கூட வாய்ச்சொல்லுக்கு வண்டி நகராது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு லோகோ பைலட் கைக்கு வர வேண்டும்.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். இது வெறும் சடங்கா?

இந்தக் கேள்விக்காகவே மற்றக் கேள்விகளுக்கும் பதில் எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம். சடங்கு இல்லை, தம்பி, அதுதான் உயிர்.

எங்கள் செட்டில் ஒரே அலைவரிசை. ஒருவர் பொத்தானை அழுத்தினால் அவர் பேசலாம், ஆனால் கேட்க முடியாது. இருவர் சேர்ந்து அழுத்தினால் ஊளைச் சத்தம்தான் வரும். பொத்தானை அழுத்திய மறுகணமே பேசினால் முதல் அசை போகும். பேசி முடிப்பதற்குள் விரலை எடுத்தால் கடைசி அசை போகும். இதில் தமிழ் பேசும் நமக்குத் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. நம் மொழியில் வேண்டும், வேண்டாம் என்பது வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. 'வண்டியை எடுக்கலாம்', 'வண்டியை எடுக்க வேண்டாம்' என்ற இரண்டிலும் வால் அறுந்தால் மிஞ்சுவது ஒன்றே.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தோம். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கப்ளிங் அருகே ஓர் ஊழியர் குனிந்து ஹோஸ் பைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் பின்னால் வர வேண்டாம்" என்று நான் சொன்னேன். அவசரத்தில் 'வேண்டாம்' முடிவதற்குள் விரல் பொத்தானை விட்டுவிட்டது. லோகோ பைலட்டுக்குக் கேட்டது "இன்னும் பின்னால் வர" என்பது மட்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. எஞ்சின் அசைந்தது. கையில் சுருட்டி வைத்திருந்த சிவப்புக் கொடியை உதறி விரித்துக்கொண்டு ஓடினேன். எஞ்சினின் மோதுதாங்கியான பஃபருக்கும் அந்த மனிதரின் முதுகுக்கும் இடையே இரண்டு முழ இடைவெளி இருக்கும்போது எஞ்சின் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார். பிழை என்னுடையது.

அன்று முதல் நான் ஆணையை முன்னால் வைத்துத்தான் பேசினேன்: "நில்லுங்கள். நில்லுங்கள். ஆள் உள்ளே இருக்கிறார்." பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பேசி, இன்னொரு மூச்சுக்குப் பிறகே விரலை எடுப்பேன். எண்களையும் முழுதாகச் சொல்ல மாட்டோம். எழுபதும் அறுபதும் இரைச்சலில் ஒன்றாகவே ஒலிக்கும். ஏழு, பூஜ்யம் என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் இல்லை. இப்போது பிற மாநிலங்களிலிருந்து வரும் லோகோ பைலட்டுகளும் நம் தடத்தில் ஓட்டுவதால், வண்டி எண்ணை ஆங்கில இலக்கங்களாகச் சொல்வதே வழக்கம். திருப்பிச் சொல்லும்போதும் 'சரி', 'ரைட்' என்ற ஒற்றைச் சொல் போதாது. கேட்ட செய்தி முழுதும் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பெரியவர்: 1964 புயலில் வயர்லெஸ் இருந்திருந்தால் அந்த ரயில் பிழைத்திருக்குமா?

உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது, ஐயா. டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது பேரலையில் போனது. அதில் இருந்தவர் ஒருவரும் மீளவில்லை. அன்று ஸ்டேஷன்களுக்கு இடையே செய்தி போனது கம்பி வழியாகத்தான். புயலில் கம்பி அறுந்தால் ஊரே ஊமை. கார்டிடம் இருந்தவை விளக்கும் கொடியும் போன்றவைதான், வயர்லெஸ் இல்லை.

ஆனால் இருளில் ஓடும் வண்டியிடம் 'நில்' என்று சொல்ல ஒரு வழி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால், காற்றுமானியோடு இணைந்த சிக்னல் தானாகவே சிவப்பாகும்படி பின்னாளில் அமைத்தார்கள். அங்கே மனிதர் வாயை நம்ப வேண்டிய தேவையே எழவில்லை. அந்தப் புயலில் சிதைந்த பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீரமைத்ததை நம் ஊர் மறக்கவில்லை. அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழுகிறது.

பாலத்தின் மேல் வயர்லெஸ்ஸுக்கு எதிரி காற்றுதான். அலை தடையின்றிப் போகும், ஆனால் மைக்கில் காற்று மோதும் இரைச்சலில் குரல் மூழ்கிவிடும். முதுகைக் காற்றுக்குக் காட்டி, உள்ளங்கையால் மைக்கை மறைத்துப் பேசுவோம். இன்னொரு எதிரி உப்பு. சார்ஜ் ஏறும் பித்தளை முனைகளில் பச்சை படியும். உலர்ந்த துணியால் அன்றாடம் துடைக்காவிட்டால் இரவு முழுதும் சார்ஜரில் வைத்தாலும் காலையில் பேட்டரி காலியாகத்தான் இருக்கும்.

கீழக்கரையிலிருந்து ஓர் இளைஞர்: ஆன்லைனில் ஒரு வாக்கி-டாக்கி வாங்கினேன். ரயில் அலைவரிசையைக் கேட்கலாமா?

வேண்டாம், தம்பி. உரிமம் தேவைப்படும் செட்டை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். அதைவிட, கை தவறிப் பொத்தான் அமுங்கினால் அந்த வட்டாரத்தில் ஒரு 'நில்லுங்கள்' கேட்காமல் போகும். உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதுங்கள். 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம்.

பரமக்குடியிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் புதிதாக உதவி லோகோ பைலட் ஆகியிருக்கிறார். போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் பகலெல்லாம் தூக்கம்.

எஞ்சினில் அவர் போனைத் தொடக் கூடாது, அம்மா. ஒவ்வொரு சிக்னலையும் இருவரும் பார்த்து, கை நீட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் மனம் வேறெங்கும் போகக் கூடாது. அவசரம் என்றால், ஊழியர்கள் பணியேற்கும் அலுவலகமான லாபிக்குச் சொல்லுங்கள், அவர்கள் செய்தி சேர்ப்பார்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்கிறேன். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்து வந்தவருக்குத் தலைமையிடத்தில் 16 மணி நேர ஓய்வு, அதற்குக் குறைந்தால் 12 மணி நேரம் என்பது விதி. அதில் சாப்பாடு, குளியல், ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளி எல்லாம் அடக்கம். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. என் மனைவி அழைப்பு மணியின் மேல் துணியைக் கட்டிவைப்பார். வாசலில் மீன்காரர் குரல் கொடுக்கும் முன் கை காட்டி நிறுத்துவார். என் பணிக்காலம் விபத்தில்லாமல் முடிந்ததில் அந்தத் துணிக்குப் பங்கு உண்டு.

தாம்பரத்தில் வேலை பார்க்கும் தேவிபட்டினத்துக்காரர்: சென்னை மின்சார ரயிலில் கார்டு செட்டில் பேசாமல் மணி அடிக்கிறாரே?

சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஸ்டேஷன் வரும் வண்டியில் பேச நேரம் இல்லை. மணி ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் புறப்படு. மின்சார ரயிலை ஓட்டும் மோட்டார்மேன் அதே மணியைத் திருப்பி அடிப்பார். திருப்பிச் சொல்வதன் இன்னொரு வடிவம் அது.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தந்தை: என் மகள் லோகோ பைலட் ஆக விரும்புகிறாள். என்ன தேவை?

ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் உதவி லோகோ பைலட் தேர்வு. அதற்கு ஐடிஐ அல்லது டிப்ளமா. அதன் பிறகு மனத்திறன் சோதனை, கடைசியில் மருத்துவச் சோதனை. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும், நிறக்குருடு கூடாது. பிள்ளை படிப்பில் இறங்கும் முன் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எல்லாத் தேர்வும் தேறிக் கண்ணில் நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதையும் சோதித்துக்கொள்ளட்டும்.