வாசகர் கேள்விகளும் வாகனப் பதில்களும்: பழைய ஆல்டர்னேட்டரை வீட்டிலேயே புதுப்பிக்கலாமா?

கேள்வி: என்னிடம் 1999-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. சில வாரங்களாக இரவில் முகப்பு விளக்கு மங்குகிறது. வண்டி ஓடும்போதே பேட்டரி விளக்கும் லேசாக எரிகிறது. எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கவும் ஸ்பேனர் பிடிக்கவும் தெரியும். நானே பிரித்துச் சரிசெய்ய முடியுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: முடியும். ஆனால், எஞ்சின் பெல்ட்டால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் வண்டியில் இருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனைகளை முடிக்காமல் கழற்றாதீர்கள். சார்ஜ் ஏறவில்லை என்று கழற்றப்படும் ஆல்டர்னேட்டர்களில் பல நல்ல நிலையில் இருப்பவை. குற்றவாளி, உப்புப் பூத்த பேட்டரி முனையாகவோ தளர்ந்த பெல்ட்டாகவோ இருக்கும்.

வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின், நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டுச் சற்றே முடுக்கினால் அது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். முகப்பு விளக்கையும் ப்ளோயரையும் போட்டு மறுபடியும் பாருங்கள். பிறகு மீட்டரின் ஒரு கம்பியை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனையிலும், மற்றொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள், அங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பழுது வயரிலோ இணைப்பிலோ இருக்கிறது. கடைசியாக, மீட்டரை ஏ.சி. வோல்ட் அளவுக்குத் திருப்பிப் பேட்டரி முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) ஒன்று போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். நீங்கள் சொல்லும் அரைகுறை வெளிச்சத்துக்குத் தேய்ந்த கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்தின் மேல் உரசி மின்சாரம் கொடுக்கும் கட்டி) அல்லது பழுதான டயோடுதான் பெரும்பாலும் காரணம்.

கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் எடுத்துவிடுங்கள். சாவியை அணைத்தாலும் ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பேனர் பாடியில் உரசினால் பெருந்தீப்பொறி பறக்கும். புல்லி நட்டைத் திருகும்போது விசிறித் தகட்டைப் பிடித்து நிறுத்தக் கூடாது, அது வளைந்துவிடும். பழைய பெல்ட்டைப் புல்லியில் சுற்றி, அதை வைஸில் இறுக்கிக்கொண்டால் நட்டு அடங்கி வரும்.

முன்மூடி, பின்மூடி, நடுவிலுள்ள ஸ்டேட்டர் (சுழலாத சுருள்) ஆகிய மூன்றின் மேலும் நேர்க்கோடாகப் பெயிண்ட் அடையாளம் இட்ட பிறகே நீண்ட போல்ட்டுகளை எடுங்கள். மூடி ஒரு துளை மாறிப் பொருந்தினாலும் பிடிப்புக் காதுகள் எஞ்சினில் உட்காரா. பிரஷ் பெட்டி வெளியிலிருந்து கழலும் வகையாக இருந்தால், மூடிகளைப் பிரிக்குமுன் அதை எடுத்துவிடுங்கள்.

பிரித்தபின் முதலில் ரோட்டரை (உள்ளே சுழலும் சுருளை) பாருங்கள், ஏனெனில் இந்த வேலை செலவுக்குத் தகுமா என்பதை அதுதான் சொல்லும். அதன் தண்டில் பிரஷ் உரசும் இரண்டு வளையங்களான ஸ்லிப் ரிங்குகளுக்கும் இடையே பொதுவாக 2 முதல் 5 ஓம் வரை இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது; பூஜ்யத்தை ஒட்டி நின்றால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. ரிங்குக்கும் தண்டுக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. ஸ்டேட்டர் விஷயத்தில் மல்டிமீட்டர் பாதி உண்மைதான் சொல்லும்: அதன் மின்தடை ஓர் ஓமில் சிறு பங்கே என்பதால், ஒரு சில சுற்றுகள் ஷார்ட் ஆனாலும் சாதாரண மீட்டரில் தெரியாது. இரும்புச் சட்டத்தோடு தொடர்பு இல்லை என்பதை மட்டும் மீட்டரால் உறுதிசெய்துவிட்டு, மற்றதைக் கண்ணையும் மூக்கையும் கொண்டு தீர்மானியுங்கள். வார்னிஷ் கருகி, எரிந்த வாடை வந்தால் வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். அதை வீட்டில் சுற்றிப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயோடுகளைச் சோதிக்க ஸ்டேட்டரின் கம்பிகளைப் பிரித்தாக வேண்டும். சேர்ந்திருந்தால் ஒன்றின் பழுது மற்றொன்றின் மேல் ஏறித் தெரியும். நல்ல டயோடு ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், எதிர்த்திசையில் ஒன்றும் காட்டாது. ஒன்றே ஒன்று போயிருந்தாலும் டயோடு பிளேட்டை முழுவதுமாக மாற்றுவதே நல்லது. கம்பிகளைத் திரும்பப் பற்றவைக்கும்போது ரேடியோ வேலைக்கான சிறிய சால்டரிங் அயர்ன் உதவாது. அது மெதுவாகச் சூடேற்றுவதால், ஈயம் உருகுவதற்குள் வெப்பம் டயோடுக்குள் இறங்கிவிடும். 60 வாட்டுக்குக் குறையாத அயர்னை எடுத்து, டயோடுக்கும் பற்றுமிடத்துக்கும் நடுவே மூக்குக் குறடால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சில நொடிகளில் வேலையை முடியுங்கள்.

பிரஷ் 5 மி.மீ.க்கும் குறைவாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பல வகைகளில் ரெகுலேட்டரும் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) பிரஷ்ஷும் ஒரே பெட்டியாகவே கிடைக்கின்றன. ஸ்லிப் ரிங்கை 600-ஆம் எண் எமரித் தாளால், ரோட்டரைச் சுழற்றியபடி சீராகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்.

பேரிங்கில்தான் பலரும் சிக்கனம் பார்த்துக் கெடுக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் எஞ்சினைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுழல்வதால், நெடுஞ்சாலையில் அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தொடுவது சாதாரணம். கையால் சுற்றும்போது சற்றே சொரசொரத்தாலும் பக்கத்திலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, இரு பக்கமும் மூடப்பட்ட அதே எண் பேரிங்கை வாங்குங்கள். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தையும், மூடிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். மாற்றி அடித்தால் குண்டுகள் உருளும் பாதையில் குழி விழுந்து, புதிய பேரிங்கே சில நாட்களில் இரையும்.

சுருள்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், வார்னிஷ் கெடும். மென்மையான தூரிகையும் காற்றும் போதும். மூடும்போது கார்பன் பிரஷ்களை உள்ளே தள்ளி, பின்மூடியில் அதற்கென உள்ள சிறு துளை வழியே மெல்லிய கம்பியைச் செருகி நிறுத்துங்கள். மூடிய பிறகு கம்பியை உருவ மறக்காதீர்கள். வண்டியில் பூட்டுமுன் பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியை நிரப்பும் சுமையை, புதுப்பித்த ஆல்டர்னேட்டரின் தலையில் முதல் நாளே ஏற்ற வேண்டாம்.

கேள்வி: வண்டி ஓடும்போது 14.2 வோல்ட் இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஆல்டர்னேட்டர் காரணமாக இருக்குமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இருக்கலாம். டயோடு கசிந்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி ஓடும். நிறுத்திப் பல மணி நேரம் கழித்து ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதற்கு ஓர் அறிகுறி. உறுதிசெய்ய, சாவியை அணைத்து, நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். பழைய கார்களில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ் இருக்க வேண்டும். அதிகமிருந்தால், மீட்டரை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு சட்டென்று விழுந்தால் டயோடு பிளேட்டை மாற்றுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் அதன் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாவிட்டால் மீட்டரே போகும்.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்கிறார் எங்கள் மெக்கானிக். இது சரியான சோதனையா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியன்று. கார்களில் ஆல்டர்னேட்டருக்கு முன்பு இருந்த டைனமோ காலத்துப் பழக்கம் இது. அதில் எரிந்துபோக டயோடு கிடையாது. ஆல்டர்னேட்டரில் சுமை திடீரென்று விலகும் நொடியில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் போகலாம். எஞ்சினுக்குக் கணினி உள்ள வண்டி என்றால் அதற்கும் ஆபத்து. இரு நூறு ரூபாய் மீட்டர் இருக்கும்போது இந்த வீரம் எதற்கு?

கேள்வி: பழைய உதிரிபாகங்களை நம்பி வாங்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: பேரிங், பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றை வாகன உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் புதிதாகவே வாங்குங்கள். ரோட்டர், ஸ்டேட்டர், மூடி ஆகியவற்றைப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம். மீட்டரை உடன் கொண்டுபோய், ரோட்டரின் ஓம் அளவையும் தண்டோடு இணைப்பு இல்லாததையும் கடையிலேயே பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஸ்லிப் ரிங்கில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.