மசாலாவுக்கு முன்னால் தபால்பெட்டி

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். கணவருக்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை. ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் முன்னமே போய் வீடும் பிடித்துவிட்டார். 8 வயது மகள், 4 வயது மகனோடு நான் ஆகஸ்டில் கிளம்புகிறேன். மாமியார் சாமான் பட்டியல் போட்டபடியே இருக்கிறார்கள். எதை எடுத்துப்போவது, போனதும் எதை முதலில் கவனிப்பது? பகல் முழுக்கத் தனியாக இருக்கவேண்டுமே என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: செட்டிநாட்டுக்கு வெளிநாடு புதிதில்லை. ஆனால் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் பெண்கள் ஊரில் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே பெட்டி கட்டும் விஷயத்தில் நம் பெரியவர்களை மிஞ்ச முடியாது. அங்கே போய்க் குடித்தனம் நடத்துவது வேறு கதை. மாமியாரின் பட்டியலைப் பாதியாக்குங்கள். முதல் மாதம் சாமானைவிடக் காகிதம்தான் முக்கியம்.

விசாவுக்குக் காட்டிய திருமணப் பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும். (இசைகுடிமானம், அதாவது நகரத்தார் கல்யாண ஒப்பந்தம், பெட்டகத்திலேயே இருக்கலாம்.) வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. கணவரை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் எல்லாமே தபாலில்தான் வரும். வரி எண் (பிள்ளைகளுக்கும் உண்டு), மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை, எல்லாம். அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரை மட்டும். இங்கேதான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் அவர் அப்பாவுடையதாக இருக்கும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் பெயர் இருக்கும். பெட்டியில் அவர் கடைசிப் பெயர் மட்டும் இருந்தால் உங்களுக்கு வரும் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். இரண்டு பெயரையும் பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், முகவரிப் பதிவில் எப்படி எழுதினார்களோ அதே எழுத்தை வங்கி, பள்ளி எல்லா இடத்திலும் கொடுங்கள்.

கணவர் அரசு முறைக் காப்பீட்டில் இருந்தால் வருமானமில்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் படிவம் நிரப்பிக் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள்.

சரி, சமையலறை. உப்புக்கண்டமும் வீட்டு நெய்யும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப் பெட்டியில் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். உப்பில்லாத வெண்ணெய் அங்கே எந்தக் கடையிலும் உண்டு, உருக்கிக்கொள்ளுங்கள். அரிசி, புளி, கறிவேப்பிலைக்கு ஈழத் தமிழர் கடைகள் இருக்கின்றன. மிளகாய், மல்லியை மட்டும் இங்கேயே வறுத்து மெஷினில் அரைத்து எடுத்துப்போங்கள். பல வீடுகளில் அடுப்புக்கு மேலிருக்கும் உறிஞ்சி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே விடும். வரமிளகாய் வறுத்தால் நெடி படுக்கையறை வரை போகும். அங்கே புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். அடுப்பு தட்டையான மின்அடுப்பாக இருக்கும் என்பதால் அடி தட்டையான பாத்திரமும் பணியாரக் கல்லும் வாங்குங்கள். கிரைண்டருக்கு மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக்தான் மாறும். எர்த் உள்ள பிளக்காக மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இரவு 10 முதல் காலை 6 வரையும் அதை ஓட்டாதீர்கள், பக்கத்து வீட்டில் புகார் வரும்.

ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோக்கே என்று ஒரு வழக்கம். மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் குடியிருப்பவர்கள் முறைவைத்துக் கூட்டவேண்டும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பழகியவருக்கு இது பெரிய வேலையில்லை. குளிர்காலத்தில் பனி அள்ளுவதும் முறைக்குள் வரலாம், வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள். அக்கம்பக்கத்தார் உங்களை முதலில் எடைபோடுவது இதில்தான்.

பள்ளிகள் செப்டம்பர் நடுவில் திறக்கும், ஆகஸ்டில் போவது நல்லதே. ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கு ஆயத்த வகுப்புகள் உண்டு. மகளுக்கு அதைக் கேளுங்கள். 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்ட சான்றைப் பள்ளியிலும் மழலையர் பள்ளியிலும் காட்டவேண்டும், அது இல்லாமல் மழலையர் பள்ளி ஏற்பதில்லை, தடுப்பூசி அட்டையை மறக்கவேண்டாம். மகனுக்கு மழலையர் பள்ளியில் இடம் கிடைக்கச் சட்டப்படி உரிமை உண்டு, நடைமுறையில் காத்திருக்க வேண்டியிருக்கும். கணவர் இன்றே பெயர் கொடுக்கட்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவி என்பதால் விசாவுக்கு ஜெர்மன் தேர்வு இல்லை. என்னைக் கேட்டால் இந்தச் சலுகை உங்களுக்குச் செய்வது கெடுதல். கடையில், மருத்துவரிடம், பள்ளியில் எல்லாவற்றுக்கும் கணவர் வரவேண்டியதாகிவிடும். ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் பாடத்தை இங்கேயே இணையவழியில் தொடங்குங்கள். அங்கே போனதும் நகரத்து ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடத்தில் காலை வகுப்பில் சேருங்கள். அங்கே வேலை பார்க்கவும் உங்களுக்கு அனுமதி உண்டு. மகனை மழலையர் பள்ளியில் சேர்த்ததும் முதல் சில வாரம் தாயோ தந்தையோ கூட உட்கார்ந்து பழக்கவேண்டும். அந்த வேலையைக் கணவரிடம் விடாமல் நீங்களே போங்கள், மற்ற அம்மாக்கள் அங்கேதான் அறிமுகமாவார்கள். தமிழுக்குக் கவலை வேண்டாம், ஈழத் தமிழர் நடத்தும் தமிழாலயங்கள் வார இறுதியில் உண்டு.

டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மதியம் வெயில் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே நடங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறுவதால் ஊருக்கும் அங்கேக்கும் மூன்றரை மணி வித்தியாசம் நாலரையாகும். அதுவரை பிள்ளைகள் மாலை 5 மணிக்கு அப்பத்தாவிடம் பேசலாம். அதற்கப்புறம் 4 மணிக்குக் கூப்பிட்டால்தான் அவர்கள் படுக்கப் போகுமுன் பிடிக்கமுடியும்.