ஹீலியத்தில் சிக்கியிருக்கும் பெண்ணை அவசரப்பட்டு திசைதிருப்பாதீர்கள்

சார், பிளஸ் டூ படிக்கும் உங்கள் பொண்ணு "ஹீலியத்துக்கு நீல்ஸ் போரோட அணு மாதிரியே தப்புன்னா அதை ஏன் படிக்கணும்" என்று கேட்டாள், பிசிக்ஸ் வெறுத்துவிட்டது போல, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அது வெறுப்பு இல்லை, நல்ல சந்தேகம்.

எலக்ட்ரான் குறிப்பிட்ட வட்டப் பாதைகளில் மட்டும் அணுக்கருவைச் சுற்றுகிறது என்று போர் 1913-இல் முன்வைத்த அணு மாதிரி ஹைட்ரஜனுக்கு அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே இருப்பது ஒரே எலக்ட்ரான். ஹீலியத்தில் இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த ஆற்றல் −108.8 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வரும், சோதனையில் கிடைப்பதோ சுமார் −79. இவ்வளவு பெரிய வித்தியாசம் அந்த இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் வருவது. சரி, ஒன்று இன்னொன்றுக்கு அணுக்கருவைக் கொஞ்சம் மறைக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அணுக்கருவின் மின்சுமையை 2-க்குப் பதில் 1.69 என்று வைத்தால் −77.5 வரை வந்துவிடலாம். மீதி ஒன்றரைக்குத்தான் பெரும்பாடு. 1929-இல் ஹில்லராஸ் என்ற நார்வே இயற்பியலாளர், எலக்ட்ரான்களுக்கு இடையே உள்ள தூரத்தையே அலைச்சார்புக்குள் (எலக்ட்ரான்களின் நிலையைச் சொல்லும் குவாண்டம் சூத்திரம்) கொண்டுவந்துதான் அதைப் பிடித்தார். இரண்டுக்கே இப்படி என்றால், எண்ணற்ற எலக்ட்ரான்கள் உள்ள திடப்பொருளில் எப்படி இருக்கும்? எலக்ட்ரான்கள் தள்ளிக்கொள்வதைத் தனித்தனியாகக் கணக்கில் எடுக்காத எளிய பட்டைக் கொள்கை, நிக்கல் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தும் என்று சொல்கிறது, உண்மையில் அது கடத்தாப்பொருள்!

பிழைப்புக்கு வழி உண்டா என்பதுதான் உங்கள் கவலை, நியாயம்தான். இந்தச் சிக்கலைச் சமாளிக்க இயற்பியலாளர் வால்டர் கோன் உருவாக்கிய அடர்த்திச் சார்பியக் கொள்கைக்கு (ஒவ்வொரு எலக்ட்ரானையும் தொடராமல், அவை எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதை வைத்தே ஆற்றலைக் கணக்கிடும் முறை) 1998-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்று பேட்டரிப் பொருள், வினையூக்கி என்று தேடுகிறவர்கள் அந்தக் கணக்கைத்தான் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார்கள். மத்திய அரசும் 2023-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் பாதை நீளம், மறைக்க மாட்டேன்: பிஎஸ்சி, ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்எஸ்சி, அப்புறம் பிஎச்டி. ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஐந்து வருடப் படிப்பும் இருக்கிறது, அதற்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எதில் போனாலும் பைத்தான் போன்ற நிரல்மொழி தேவைப்படும், அதனால் கம்ப்யூட்டர் ஆர்வம் வீண்போகாது.

பரீட்சையில் போர் மாதிரியை அப்படியே எழுதச் சொல்லுங்கள், மார்க் முக்கியம். வீட்டில் அந்த −108.8-ஐ அவளே போட்டுப் பார்க்கட்டும், ஹைட்ரஜனின் 13.6-ஐ எட்டால் பெருக்கினால் போதும் (மின்சுமை 2-இன் வர்க்கம் 4, எலக்ட்ரான் இரண்டு). அதற்கப்புறமும் −79 ஏன் என்று விடாமல் கேட்டால், ஐஏடி விண்ணப்பத் தேதியைப் பார்த்து வையுங்கள்.