காய்கறியைக் கழுவி, கட்டி, ஃப்ரிட்ஜில் வைப்பவரா நீங்கள்?

கேள்வி: வாரம் ஒருமுறை காய்கறி, பழம் எல்லாம் மொத்தமாக வாங்குகிறோம். வந்தவுடன் நன்றாகக் கழுவி, பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். அப்படியும் மூன்றாம் நாளே கொத்தமல்லி கொழகொழவென்று ஆகிவிடுகிறது, வாழைப்பழம் கறுத்துப்போகிறது, தக்காளியில் ருசியே இல்லை, கேரட் சில சமயம் கசக்கிறது. வெளியில் ஒரே கூடையில் கிடக்கும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடுகின்றன. ஃப்ரிட்ஜில் கோளாறா, என்னிடம் கோளாறா?

பதில்: ஃப்ரிட்ஜின் உள்ளே 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது என்றால் அதைக் குறை சொல்ல முடியாது. கோளாறு, கழுவிக் கட்டுவதிலும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திணிப்பதிலும் இருக்கிறது.

பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, தன்னிடம் உள்ள சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துச் சூட்டையும் நீராவியையும் வெளியே விடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகிவிடும், அதனால்தான் குளிரில் வைக்கிறோம். சரி, அதே காயைக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? நீராவி போக வழியில்லாமல் கவரின் உள்பக்கம் முத்து முத்தாகப் படியும், ஏற்கனவே கழுவிய ஈரமும் அதோடு சேரும், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட வசதியான இடம் கிடைக்காது. கொத்தமல்லி கொழகொழப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். அதற்காகத் திறந்து போட்டாலும் வம்பு, ஃப்ரிட்ஜின் வறண்ட காற்று இலையை உறிஞ்சி வதக்கிவிடும். இலைக்கு வேண்டியது சுற்றிலும் ஈரமான காற்று, ஆனால் இலைமேல் தண்ணீர் நிற்கக் கூடாது.

எனவே கழுவுவதைச் சமைக்கும் நேரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். கொத்தமல்லி, புதினா, கீரை எதுவானாலும் அழுகின இலையை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியிலோ டிஷ்யூ தாளிலோ தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். துணி நனைந்துவிட்டால் மாற்றுங்கள், இதைச் செய்யாமல் விடுவதால்தான் பலருக்கு இந்த வழி பலிப்பதில்லை. தண்டைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்திவைக்கும் வழியும் நல்லதுதான், ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் கை பட்டு டம்ளர் கவிழாத வீடு எது! கழுவித்தான் வைப்பேன் என்றால் ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்த பிறகு வையுங்கள். காளானை மட்டும் பிளாஸ்டிக்கில் வைக்கவே வேண்டாம், காகிதப் பையில் போடுங்கள்.

வாடுவது வேறு, கெடுவது வேறு. தொய்ந்துபோன கீரையும் வளைகிற கேரட்டும் தண்ணீர் இழந்திருக்கின்றன, அவ்வளவே. குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் எல்லாம் தழையோடு வந்தால் முதல் வேலையாகத் தழையை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது கிழங்கிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது வாழைப்பழமும் தக்காளியும். வெப்ப நாட்டுப் பயிர்கள் பலவற்றுக்குக் குளிர் ஆகாது. வாழைப்பழம் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே போனால் தோலின் செல்கள் சிதைந்து கறுக்கின்றன, காயாக உள்ளே வைத்தால் அப்புறம் ஒழுங்காகப் பழுக்கவும் செய்யாது. மாங்காயும் அப்படித்தான். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை உள்ளே வைக்கலாம், தோல் கறுக்கும், உள்ளே சதை நன்றாகவே இருக்கும். தக்காளியின் ருசியில் பெரும்பங்கு மணம், அந்த மணத்தை உண்டாக்கும் வேலை கடுங்குளிரில் படுத்துவிடுகிறது. ஆகவே செங்காயைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெளியில் வையுங்கள், காம்பு இருந்த தழும்பு வழியாகத்தான் அதிகம் தண்ணீர் போகிறது. கனிந்து இளகத் தொடங்கியதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், அழுகவிடுவதைவிட மணம் கொஞ்சம் குறைவது மேல். வெள்ளரிக்காயும் கத்தரிக்காயும் குளிரில் நாளாக ஆகக் குழிவிழும் ரகம், வாங்கின இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள்.

கேரட் கசப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பக்கத்தில் ஆப்பிள் இருக்கிறதா பாருங்கள். ஆப்பிள், வாழை, மா, பப்பாளி, பேரிக்காய், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பக்கத்துக் காயைப் படுத்தும் பாடு பெரிது: கேரட்டில் கசப்புச் சேர்மம் உண்டாகும், கீரையும் ப்ரோக்கோலியும் மஞ்சளடிக்கும், வெள்ளரி சீக்கிரம் கெடும். பழங்களுக்குத் தனி டிரே, இலைகளுக்கும் காய்களுக்கும் தனி டிரே என்று பிரித்துவிடுங்கள். டிரேயில் தள்ளிவிடும் சின்ன மூடி இருந்தால் இலைப் பக்கம் மூடியே இருக்கட்டும், பழப் பக்கம் திறந்திருக்கட்டும், வாயு வெளியே போகும். இதே வாயுவை நம் பக்கமும் திருப்பலாம், காயாக இருக்கும் மாம்பழத்தையோ அவகாடோவையோ ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடிவைத்தால் சீக்கிரம் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி, அன்னாசியிடம் இது எடுபடாது. பறித்த பிறகு அவை இனிப்பு ஏறுவதே இல்லை, எனவே வாங்கும்போதே பழுத்ததாகப் பார்த்து வாங்கி நேராகக் குளிரில் வையுங்கள்.

வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் வறண்ட, காற்றோட்டமான இடம் வேண்டும். உருளைக்கிழங்கோ ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் வெங்காயம் முளைக்கத்தான் செய்யும், பிரித்துவிடுங்கள். உருளைக்கிழங்கை இருட்டில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் ஏறும், கூடவே சோலனைன் என்ற நச்சும் கூடும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியலாம், நிறையப் பச்சை என்றால் முழுசாகவே எறியுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், பொரிக்கும்போது சீக்கிரம் கருகும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகம் உண்டாகும்.

நறுக்கிய எதையும் இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆப்பிள் துண்டில் எலுமிச்சைச் சாறு தடவினால் நிறம் மாறுவது தள்ளிப்போகும். அவகாடோவைத் தண்ணீரில் மூழ்கவைத்துச் சேமிக்கும் யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைச் செய்யாதீர்கள், தோலில் உள்ள கிருமிகள் தண்ணீரில் பெருகிச் சதைக்குள்ளும் போகக்கூடும். உரித்த பூண்டை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைப்பது இன்னும் ஆபத்து, போட்டுலிசம் என்ற கடும் நச்சு நோய்க்குக் காரணமான கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும்.

பூஞ்சை பிடித்தால் எல்லாவற்றையும் எறிய வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், கேரட் மாதிரி கெட்டியான காய் என்றால் பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் 2.5 செ.மீ. விட்டு வெட்டி எறிந்துவிட்டு, கத்தி பூஞ்சையில் படாமல் பார்த்துக்கொண்டு, மீதியைச் சமைக்கலாம். தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, வெள்ளரி மாதிரி தண்ணீர்ச் சதை உள்ளவற்றை முழுசாக எறிந்துவிடுங்கள், பூஞ்சையின் இழை மேலே தெரிவதைவிட ஆழமாக இறங்கியிருக்கும்.