ஓட்டுக்குள் உடம்பா, உடம்புக்குள் எலும்பா?

கேள்வி: சந்தையில் வாங்கி வந்த நண்டுகளில் ஒன்றின் ஓடு மட்டும் அழுத்தினால் அமுங்கியது. கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிட்டேன். ஆனால் அது காலை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் செய்தது சரியா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: காலை ஆட்டிய நண்டு எப்படி அம்மா கெட்டுப்போகும்? அது ஓடு கழற்றிய நண்டு. பழையதைக் கழற்றிவிட்டு, புது ஓடு இறுகுவதற்குள் வலையில் மாட்டியிருக்கிறது, பாவம்.

நமக்கு எலும்பு உள்ளே, சதை அதன்மேல். நண்டு, இறால், தேள், கரப்பானுக்கெல்லாம் நேர்மாறு, ஓடுதான் எலும்புக்கூடு. பாடப்புத்தகம் அதைப் புறச்சட்டகம் என்றும் நம்முடையதை அகச்சட்டகம் என்றும் சொல்லும். (வெளியே வைரம் பாய்ந்த பனை, மூங்கிலைப் புறக்காழ் என்றும் உள்ளே வைரம் பாய்ந்த மரங்களை அகக்காழ் என்றும் சொல்கிற பழைய தமிழ்தான் எனக்குப் பிடித்தது. நண்டு புறக்காழ், நாம் அகக்காழ்.)

ஓடு வெறும் கவசம் என்று நினைத்துவிடாதீர்கள். நண்டுக் கொடுக்கை உடைத்துச் சதையை இழுக்கும்போது நடுவில் தட்டையாக ஒரு வெள்ளைத் தகடு வருமே, அது ஓட்டிலிருந்தே உள்பக்கம் நீண்டு வந்த பகுதி, கொடுக்கை மூடும் தசை அதில்தான் ஒட்டியிருக்கிறது.

சிக்கல் வளரும்போதுதான். எலும்புக்குள் உயிரணு உண்டு, ரத்த ஓட்டம் உண்டு, அதனால் உடம்போடு சேர்ந்து வளரும், முறிந்தாலும் கூடிவிடும். ஓடு அப்படியல்ல, தோலிலிருந்து சுரந்து இறுகிய கைட்டின் என்ற உறுதியான பொருளும் சுண்ணாம்புச் சத்தும்தான், இறுகிய பிறகு விரியாது. அதனால் நண்டு பழைய ஓட்டுக்கு அடியிலேயே மெல்லியதாக ஒரு புது ஓட்டைத் தயார் செய்துகொண்டு, பின்பக்கம் வெடித்த பிளவு வழியாகப் பின்னோக்கி நழுவி வெளியே வருகிறது, கால், கண் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு! வயிற்றின் உள்உறைகூடப் பழைய ஓட்டோடு போய்விடும். வந்ததும் தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெருக்கிக்கொள்ளும், அந்த அளவுக்கே புது ஓடு இறுகும். இழந்த ஒரு காலையும் இப்படி ஓடு மாற்றும்போதுதான் திரும்பப் பெறுகிறது. அடுப்படியில் எப்போதாவது வெள்ளைக் கரப்பான் பார்த்திருந்தால் அதுவும் இதே கதைதான், சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

சாப்பிடலாமா என்றால், உயிரோடு இருந்ததால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் சதை கொஞ்சம், தண்ணீர் அதிகம், காசுக்கு நஷ்டம். அடுத்த முறை கையில் தூக்கிப் பார்த்து, கனமானதாக வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆமையும் ஓட்டைக் கழற்றுமா?
- பள்ளி மாணவர், திண்டுக்கல்

பதில்: கழற்றாது தம்பி. கார்ட்டூனில்தான் ஆமை ஓட்டை விட்டு இறங்கி நடக்கும். அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் ஓட்டோடு ஒன்றாகிவிட்டவை, மேலே இருப்பது நம் நகம் போன்ற பொருளாலான தகடுகள். ஆக, ஆமை நம்ம கட்சி. நத்தையும் கழற்றாது, ஓட்டின் வாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போகும்.

கேள்வி: சினிமாவில் வருவதுபோல் யானை அளவு கரப்பான் சாத்தியமா?
- வாசகர், கோவை

பதில்: நீளம், அகலம், உயரம் எல்லாம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். அந்த எடையோடு ஓட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் மெத்தென்று நின்றால் உடம்பு தன் பாரத்திலேயே சப்பிவிடும். இன்று நிலத்தில் வாழும் ஓட்டுக்காரர்களில் பெரியது தென்னை நண்டு. நம் நிக்கோபார் தீவுகளிலும் உண்டு. அதுவே சுமார் 4 கிலோதான்.