பழைய காரையே வைத்திருக்கலாமோ?

கேள்வி: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு, பந்தய டிராக்குக்கென்றே செய்த கார் ஒன்றை வாங்கினேன். சின்னப் பள்ளத்தில்கூட முதுகு அதிர்கிறது, பிரேக் கீச்சிடுகிறது. அவசரப்பட்டுவிட்டேனோ?

பதில்: கீச்சலை விடுங்கள், டிராக் பிரேக் பேடுகள் அப்படித்தான். எம்எக்ஸ்-5 மிதமான வேகத்திலேயே விளையாட்டுக் காட்டும். இதுவோ அந்த வேகத்தில் தூங்கும். டயர்தான் எனக்குக் கவலை. செமி ஸ்லிக், அதாவது வரிப்பள்ளம் மிகக் குறைந்த டிராக் டயர், சூடேறாமல் சரியாகப் பிடிக்காது. தண்ணீர் தேங்கிய சாலையில் அதை நம்பவே நம்பாதீர்கள்.

உடனே விற்க வேண்டாம். டேம்பரில் (ஷாக் அப்சார்பரில்) விறைப்பை மாற்றும் திருகு இருந்தால் மிருதுவான பக்கம் திருப்பிப் பாருங்கள். வீல் அலைன்மென்ட்டில் நெகட்டிவ் கேம்பரையும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதையும், குறைக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரியும். அப்புறமும் டிராக் பக்கம் போக நேரமே இல்லையென்றால், கொடுத்துவிட்டு இன்னொரு எம்எக்ஸ்-5 தேடுங்கள். நானாக இருந்தால் இந்நேரம் தேடிக்கொண்டிருப்பேன்!